சாட்சி சொல்லும் குடும்பத்துக்கு யார் காவல்?

கண்டி நகரை விட்டு வடக்கே புறப்பட்டு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலியைக் கடந்து, அக்குறணைக் கடைத்தெருவின் நெரிசலையும் தாண்டி மாத்தளையை நோக்கிச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில், ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில் அமைந்திருக்கும் சிறு பட்டினமே அலவத்துகொட. சாலையின் இருமருங்கிலும் கடைகள், அவற்றுக்குப் பின்னால் மேட்டிலும் பள்ளத்திலுமாக வீடுகள், சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அயலவராகப் பழகும் வாழ்க்கை என்று, மத்திய மலைநாட்டுச் சாலையோரப் பட்டினங்களுக்கெல்லாம் பொதுவான அமைப்பே இதற்கும் உண்டு. இவ்வூர் பிற ஊர்களைக் காட்டிலும் கெட்டுப்போனது என்று சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அப்படிச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. போதைப்பொருள் குழுக்களின் அட்டூழியம் என்றவுடன் கொழும்பின் மாளிகாவத்தையையும் கிராண்ட்பாஸையும் மட்டுமே நினைத்துப் பழகிவிட்ட நாம், பெருஞ்சாலைகளின் ஓரத்தில் அமைதியாகத் தோன்றும் இத்தகைய சிறு பட்டினங்களிலும் அதே வியாபாரம் அதே அச்சத்தை விதைத்துக்கொண்டிருப்பதைக் கவனியாது விடுகிறோம் என்பதனாலேயே, அலவத்துகொடவை மனத்தில் நிறுத்தி இவ்விஷயத்தை ஆராய விரும்புகிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தெருவில் இந்த வியாபாரம் வேரூன்றுவதற்குத் துப்பாக்கி மட்டும் காரணமாவதில்லை. முறைப்பாடு செய்தால் வரும் நட்டம், வாய்மூடி இருந்தால் வரும் நட்டத்தைக் காட்டிலும் பெரிது என்று அத்தெருவின் குடும்பங்கள் கணக்கிட்டுக்கொள்கின்றன. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடுகிறது. அரசாங்கம் எத்தனை பேரைக் கைதுசெய்தாலும், எத்தனை கிலோவைக் கடலில் பிடித்தாலும், இந்தக் கணக்கை மாற்றாத வரையில் அத்தெரு குழுவின் தெருவாகவே நீடிக்கும்.

பயமுறுத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் முகமூடியும் வாளும் நம் கண்முன் வருகின்றன. அவை இல்லாமல் இல்லை. ஆனால் அன்றாடம் ஒரு குடும்பத்தை வதைக்கும் பயமுறுத்தல் மிகவும் மரியாதையான குரலில் வருவது. போதைக்கு அடிமைப்பட்ட மகன் ஒருவன் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். அவ்வீட்டில் முதலில் காணாமற்போவது முற்றத்துப் பித்தளைக் குழாய். அடுத்து குசினியில் இருந்த காஸ் சிலிண்டர். பின்பு தங்கையின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. தலையணைக்கு அடியில், சிகரெட் பெட்டியிலிருந்து எடுத்து நெருப்புக் காட்டிக் கருகிய வெள்ளித்தாளைத் தாய் கண்டெடுக்கிறாள். ஊரார் குடு என்றும் தூள் என்றும் சொல்வது தன் வீட்டுக்குள் வந்துவிட்டதை அவள் அறிந்துகொள்ளும் நேரத்தில், மகன் ஏற்கெனவே கடன்காரனாகிவிட்டான். சில நாள் கழித்து, தன் கண்முன் பிறந்து வளர்ந்த அயல்வீட்டுப் பையன் ஒருவன், ஓட்டோவை ஒழுங்கை முனையில் நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, “அம்மா, தம்பி கொஞ்சம் சல்லி தரணும், பாத்துச் செய்யுங்க” என்கிறான். அவ்வளவுதான். அச்சொற்களில் குற்றம் எதையும் எந்த நீதிமன்றமும் காண முடியாது; ஆயினும் அன்றிரவு அவ்வீட்டில் ஒருவரும் உறங்குவதில்லை.

கடனுக்குக் கொடுப்பது இவ்வியாபாரத்தின் உயிர்நாடி. கையிருப்பு இல்லாத இளைஞனுக்குச் சில்லறை வியாபாரி முதலில் தாராளமாகக் கொடுக்கிறான். கடன் ஏறியபின், பணம் இல்லையென்றால் நாலு பெக்கெட்டைக் கொண்டுபோய் இன்னாரிடம் சேர்த்துவிடு என்கிறான். இவ்வாறு வாங்கியவன் விற்பவனாகவும், பாதிக்கப்பட்டவன் குற்றவாளியாகவும் சில மாதங்களுக்குள் உருமாறிவிடுகிறான். தாய் பொலிஸ் நிலையத்துக்குப் போனால் அவள் யார்மேல் முறைப்பாடு செய்வாள்? சட்டத்தின் கண்ணில் முதலில் அகப்படுபவன் அவளுடைய மகனே. போதைப்பொருளைக் கைவசம் வைத்திருப்பதே குற்றமாகும். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்துக்கு 1984இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருப்பவனுக்கு மரணதண்டனையோ ஆயுட்காலச் சிறையோ விதிக்கலாம். இரண்டு கிராம் என்பது ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும் அளவு. வெளிநாட்டில் இருந்துகொண்டு படகு படகாக அனுப்புகிறவனுக்கும், கடனை அடைப்பதற்காகப் பொட்டலம் சுமந்த இருபது வயதுப் பையனுக்கும் சட்டப் புத்தகத்தில் உள்ள உச்சதண்டனை ஒன்றே என்பதை அறிந்த தாய் ஒருத்தி, தன் வாயால் அவனைக் காட்டிக்கொடுப்பாள் என்று எதிர்பார்ப்பது மனித சுபாவத்தை அறியாதவரின் எதிர்பார்ப்பு.

இக்கொடுமை இத்தீவுக்கு வந்து நெடுங்காலம் ஆகிவிடவில்லை. அபின் பழையது, ஆங்கிலேயர் அதை உரிமம் கொடுத்து விற்கவும் செய்தனர். ஹெரோயினோ 1980களின் தொடக்கத்தில், உல்லாசப் பிரயாணத்துறை விரிந்த காலத்தில், இங்கு பரவத் தொடங்கியது. 1984இல் மரணதண்டனைத் திருத்தமும், 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அடுத்தடுத்துத் தோன்றியதிலிருந்தே, அப்போதே ஆட்சியாளர் எவ்வளவு கலக்கம் அடைந்திருந்தனர் என்பதை ஊகிக்கலாம். ஆப்கானிஸ்தானத்துப் பொருள் மக்ரான் கரையிலிருந்து கடல்வழியே புறப்பட்டு, நடுக்கடலில் நமது நெடுநாள் மீன்பிடிப் படகுகளுக்கு மாறி, தென்கரையிலும் மேற்குக் கரையிலும் இறங்கும் மார்க்கம் இன்று எல்லோரும் அறிந்தது. அண்மைக் காலத்தில் ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைனும் அதே மார்க்கத்தில் சேர்ந்துகொண்டது; 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதற்கும் 5 கிராமிலிருந்து அதே தண்டனைகளை விதித்தது. கட்டுப்பாட்டுச் சபை 2019இல் நடத்திய தேசிய மதிப்பீடு, ஹெரோயின் பாவிப்போர் ஏறத்தாழ 92,000 பேர் என்று கணித்தது. ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு தாயும் சகோதரியும், பல வேளைகளில் மனைவியும் குழந்தைகளும் இருக்கிறார்கள். கடன் கேட்டு வருகிறவன் தட்டுவது அவர்களுடைய கதவை.

முன்னெல்லாம் விற்கும் இடம் இன்னது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை வைத்துக் குழந்தைகளை அப்பக்கம் போகவிடாமல் தடுக்கவாவது முடிந்தது. இப்போது கைப்பேசியில் பேச்சு முடிகிறது. கைப்பேசி வழியாகவே பணம் போகிறது. பொட்டலம் ஒரு மின்கம்பத்தடியிலோ மதிற்சுவர்ப் பொந்திலோ வைக்கப்பட்டு, அவ்விடத்தின் படம் வாங்குபவனுக்கு அனுப்பப்படுகிறது. ஆணையிடுகிறவன் துபாயிலோ சிறைச்சாலைக்குள்ளோ இருக்கலாம். கொடுப்பவன் யார், பார்த்துக்கொண்டிருப்பவன் யார், காசுக்காகச் செய்தி சொல்பவன் யார் என்று தெரியாத நிலையில், ஒழுங்கையில் நிற்கும் எந்த மோட்டார் சைக்கிளும் சந்தேகத்துக்கு உரியதாகிறது. உருவமுள்ள பகைவனை அஞ்சுவதினும் உருவமற்றவனை அஞ்சுவது கொடிது. அந்த அச்சத்தில் அயலவர் ஒருவரையொருவர் நம்பாமற் போகின்றனர். நோன்புக் கஞ்சியும் பொங்கலும் வெசாக் தன்சலும் சுற்றிவந்த ஒழுங்கைகளில் மாலை ஆறு மணிக்கே கதவுகள் சாத்தப்படுவதன் பின்னால் இந்த நம்பிக்கையின்மையே இருக்கிறது.

கடை வைத்திருப்பவரின் நிலை வேறு. அவருக்குக் கடன் இல்லை, போதைக்கு அடிமையான மகனும் இல்லை. இருப்பினும் அவர் கப்பம் கொடுக்கிறார். தொகை பெரிதாக இல்லாதிருக்கலாம், சில சமயம் பணமாகவே இராது. சிகரெட் பெட்டியும் கைப்பேசி ரீலோடும் கணக்கில் எழுதப்படாமல் போய்க்கொண்டிருக்கும். அவர் கொடுப்பது தொல்லையைத் தவிர்க்க. ஆனால் தெருவிலேயே செல்வாக்குள்ளவரான முதலாளியே கொடுக்கிறார் என்பதைப் பார்க்கிற ஏனையோர், தமக்கு ஏது துணிவு என்று அடங்கிவிடுகிறார்கள்.

இக்குடும்பங்களைக் கோழைகள் என்று பட்டணத்திலிருந்து கண்டிப்பது எளிது. நாட்டின் வரலாற்றை அவர்கள் வாசித்திருக்கும் விதத்தை நாமும் சற்று வாசித்துப் பார்க்க வேண்டும். 2004ஆம் ஆண்டு நவம்பர் 19ஆந் திகதி, கொழும்பு மேல்நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய, கடமை முடித்து வீடு திரும்பியவேளை தம் வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். காவலுக்கு இருந்த பொலிஸ் உத்தியோகத்தரும் அவரோடு மாண்டார். கொலையை ஏவியவன் போதைப்பொருள் வியாபாரத்தில் பேர்பெற்றவன். அடுத்த ஆண்டு அவனுக்கும் கூட்டாளிகளுக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. நீதி நிறைவேறியது உண்மை. எனினும் தெருவில் வாழ்கிறவன் அதிலிருந்து பெற்ற பாடம் வேறு: மெய்க்காவலரோடு வாழ்ந்த நீதிபதிக்கே இந்தக் கதி என்றால், தகரக் கதவுக்குப் பின்னால் உறங்கும் எனக்கு என்ன கதி? பின்பு 2020இல், போதைப்பொருளை ஒழிப்பதற்கென்றே அமைந்த பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்தின் உத்தியோகத்தர் சிலரே, கைப்பற்றிய ஹெரோயினை வியாபாரிகளுக்கு விற்றதாகக் கைதானார்கள். 2025 பெப்ரவரி 18ஆந் திகதி இரவு மித்தெனியவில் ஒருவன் தன் இரு சிறு பிள்ளைகளோடு சுடப்பட்டு இறந்தான். மறுநாட் காலையில், கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டத்தரணியின் உடை அணிந்து வந்த ஒருவனால் பாதாள உலகக் குழுத் தலைவன் ஒருவன் சுடப்பட்டான். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நிகழ்ந்த இவ்விரண்டில், முன்னது பிள்ளைகளுக்கும் விலக்கு இல்லை என்பதையும், பின்னது நீதிமன்றத்துக்குள்ளும் பாதுகாப்பு இல்லை என்பதையும் நாட்டின் ஒவ்வொரு தாய்க்கும் அறிவித்தன. “நமக்கு எதுக்கு வம்பு” என்று அவள் கதவைச் சாத்திக்கொள்வது அறியாமையினால் அன்று; அனுபவத்தினால்.

அரசாங்கம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. 2019இல் அன்றைய ஜனாதிபதி நால்வரைத் தூக்கிலிடக் கையொப்பமிட்டார். 1976க்குப் பின் தூக்குமரம் ஏறாத நாட்டில் அம்முயற்சியை உயர்நீதிமன்றம் இடைநிறுத்தியது. 2023 டிசம்பர் 17ஆந் திகதி ‘யுக்திய’ என்ற பெயரில் நாடுதழுவிய வேட்டை ஆரம்பமாயிற்று. ஒரு மாதமும் நிறையாத காலத்தில் 29,000க்கு மேற்பட்டோர் கைதாகிவிட்டனர் என்றும், சித்திரவதையும் துன்புறுத்தலும் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது என்றும், வறியவர் வாழும் பகுதிகளே முக்கியமாகக் குறிவைக்கப்பட்டன என்றும் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் கவலை தெரிவித்தது. 2025 ஒக்டோபர் 30ஆந் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ‘முழு நாடுமே ஒன்றாக’ என்ற தேசியச் செயற்பாட்டைத் தொடக்கி வைத்தார். வேட்டை தேவையே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. விடியற்காலையில் ஜீப் வண்டிகள் வந்து, நாய்கள் மோப்பம் பிடித்து, நாலைந்து பையன்களை ஏற்றிக்கொண்டு போனபின், அந்த ஒழுங்கையில் எஞ்சி நிற்பது என்ன என்று மட்டும் கேட்கிறேன். பிணையில் ஒருவன் திரும்பி வருகிறான், திரும்பியவன் கேட்கும் முதற் கேள்வி, “யாரு சொல்லிக் குடுத்தது?” என்பது. வேட்டை நடத்தியவர் கொழும்புக்கும் கண்டிக்கும் போய்விட்டனர். அக்கேள்விக்கு விடைசொல்ல வேண்டியவளோ அதே ஒழுங்கையில் வசிக்கிறாள்.

இத்தகைய வேட்டைகளுக்கு இன்னொரு விளைவும் உண்டு. கண்டி நகரின் வடபுறத்தே மஹியாவையில், பிரித்தானியர் காலத்தில் நகரசுத்தித் தொழிலுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் தலைமுறைகளாக நெருக்கமான குடியிருப்பில் வாழ்கின்றனர். சமூகவியலாளர் காலிங்க டியூடர் சில்வா, பி. பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட சாதிப் பாகுபாடு பற்றிய ஆய்வில், கண்டியின் இச்சமூகத்துக்கு நேரும் புறக்கணிப்பு விரிவாகப் பேசப்படுகிறது. அக்குடியிருப்பின் பெயரைக் கேட்டதும் போதைப்பொருள் என்று சொல்லிவிடும் வழக்கம் நகரத்தாரிடம் உண்டு. அங்கு விற்கிறவர் சிலர் என்றால், அவர்களால் வதைபடுகிறவர் நூற்றுக்கணக்கானோர்; ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும் இளம்பெண் தன் விலாசத்தை எழுதத் தயங்குகிறாள் என்றால், வியாபாரியின் குற்றத்துக்குரிய தண்டனையை அவளே அனுபவிக்கிறாள். வெளியிலிருந்து அவமானம், உள்ளிருந்து அச்சம் என்னும் இவ்விரண்டுக்கும் நடுவில் நெரிபடும் குடும்பம் யாரிடமும் போய்ச் சொல்லாது. ஒரு தெருவுக்கு நாம் சூட்டும் கெட்ட பெயர், அத்தெருவின் நல்லவர்களைக் குழுவின் கையிலேயே ஒப்படைத்துவிடுகிறது.

சட்டத்தில் பரிகாரம் இல்லையா? இருக்கிறது. குற்றச்செயல்களால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் சட்டம் 2015இல், 4ஆம் இலக்கச் சட்டமாக முதன்முதலில் வந்தது. அதை நீக்கி, 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் மேலும் விரிவாக இயற்றப்பட்டது. அதற்கென ஒரு தேசிய அதிகாரசபை உண்டு. சாட்சியை அச்சுறுத்துவது தனிக் குற்றம். நீதிமன்றத்துக்கு நேரில் வராமல் தொலைவிடத்திலிருந்து ஒளி-ஒலி இணைப்பு மூலம் சாட்சியம் அளிக்கவும் இடமுண்டு. இவ்வளவும் மெச்சத்தக்கவையே. ஆயினும் சட்டத்தின் வாசலை அடைவதற்கு முன்னர் சாட்சி கடக்க வேண்டிய வாசல் ஒன்றிருக்கிறது. அது உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்தின் வாசல். பிரதான வீதியில், எல்லோரும் பார்க்க அமைந்திருப்பது. கொழும்பில் ஒருவன் பொலிஸ் நிலையத்துக்குள் நுழைந்தால் யாரும் கவனிப்பதில்லை. அலவத்துகொட போன்ற பட்டினத்தில் இன்னாருடைய மனைவி இன்ன நேரத்தில் உள்ளே போனாள் என்ற செய்தி, அவள் வெளியே வருவதற்கு முன்பே ஓட்டோத் தரிப்பிடத்தை எட்டிவிடும்.

உள்ளே போனபின் பாஷைப் பிரச்சினை. 1987இன் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. மறு ஆண்டின் பதினாறாந் திருத்தம் அவ்வுரிமையை விரித்துரைத்தது. தமிழ் பேசும் ஒருவர் தம் மொழியில் முறைப்பாட்டைக் கொடுத்து, அது தம் மொழியிலேயே எழுதப்படக் காண உரிமை உடையவர். நடைமுறையிலோ மத்திய மாகாணத்து நிலையங்கள் பலவற்றில், தமிழ் அறிந்த உத்தியோகத்தர் அன்று கடமையில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையேல், வாய்ச்சொல் தமிழிலும் எழுத்து சிங்களத்திலுமாக, வாசிக்க இயலாத கூற்றின் அடியில் தாய் கையொப்பம் வைக்கிறாள். மொழிபெயர்க்க உதவுவதற்கு அங்கு நிற்கும் யாரையாவது அழைப்பதும் உண்டு. அந்த ‘யாராவது’ என்பவர் ஊர்க்காரர். தன் மகனின் கடனையும், வாசலுக்கு வந்தவன் பெயரையும், தன் பெண்பிள்ளை பாடசாலைக்குப் போகும் வழியில் நேர்ந்ததையும் அவர் முன்னிலையில் உரத்துச் சொல்ல வேண்டியிருக்கும்போது, அவள் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுகிறாள். சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் எத்தனை பிரிவுகளைக் கொண்டிருந்தாலும், மொழி தெரிந்த ஒரு பெண் உத்தியோகத்தரும் சாத்தக்கூடிய கதவுள்ள ஓர் அறையும் இல்லாத நிலையத்தில் அச்சட்டம் இறந்த எழுத்தே. இதற்குப் பெரும் செலவு ஆகாது என்பதால்தான் இது செய்யப்படாதிருப்பது என்னைப் பெரிதும் வருத்துகிறது.

பாதுகாப்பு என்று வந்தால் ஊரை விட்டு அனுப்புவதே வழி என்று சிலர் நினைக்கின்றனர். மலைநாட்டுக் குடும்பத்துக்குப் பத்துப் பேர்ச் நிலமும் அதில் தலைமுறைச் சேமிப்பால் எழுப்பிய வீடுமே சொத்து. அதைப் பூட்டிவிட்டுப் போ என்றால் எங்கே போவார்கள்? பிள்ளைகளின் பாடசாலை, கணவனின் வேலை, வயோதிகத் தாயின் கிளினிக் எல்லாம் இங்கே. குற்றம் செய்தவன் தெருவில் இருக்க, குற்றத்தைச் சொன்னவள் தெருவை விட்டுப் போவது, நீதி என்ற சொல்லுக்கு எவ்வகையிலும் பொருந்துவதன்று.

பிற தேசங்களும் இதே இடத்தில் இடறி விழுந்திருக்கின்றன. அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், டாசன் குடும்பத்தின் தாய் தன் வீட்டு மூலையில் போதைப்பொருள் விற்பவர்களைப் பற்றிப் பொலிஸாருக்குத் திரும்பத் திரும்ப அறிவித்தாள். 2002 ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் அவ்வீட்டின்மீது தீக்குண்டு வீசப்பட்டது, அக்குடும்பம் தப்பிற்று. இரு வாரங்களுள், 16ஆந் திகதி அதிகாலை, அயலில் வசித்த 21 வயது இளைஞன் ஒருவன் மீண்டும் தீயிட்டான். தாயும் ஐந்து பிள்ளைகளும் கருகி இறந்தனர். தந்தை ஒரு வாரம் கழித்து இறந்தார். உலகின் மிகுந்த செல்வமும் மிகுந்த காவற்படையும் உடைய தேசத்தில், முதல் தாக்குதலுக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட அந்த இரு வாரங்களில் அக்குடும்பம் தன் வீட்டிலேயே பத்திரமாக வாழ வழி செய்யப்படவில்லை. அலவத்துகொடவில் சாட்சி சொல்ல முன்வரும் ஒரு குடும்பத்துக்கும் இவ்விதமான இரு வாரங்கள் வரும். அவ்வாரங்களில் வாசலில் நிற்கப்போவது யார் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டே அக்குடும்பத்தைப் பேசச் சொல்ல வேண்டும்.

மாறான உதாரணம் ஒன்றையும் சொல்லுவேன். ஸ்பெயினின் வடமேற்கில் கலீசியா என்ற கடலோரப் பிரதேசம், 1980களில் சிகரெட் கடத்தலிலிருந்து கொக்கேயின் கடத்தலுக்கு மாறிய குடும்பங்களின் ஆதிக்கத்தில் கிடந்தது. கடத்தற்காரர் ஊர்ப் பிரமுகர்களாக உலவினர். அங்கே பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் வீகோ நகரில் ‘எர்கேதே’ என்ற சங்கத்தை அமைத்தனர். கார்மென் அவெண்டானோ என்ற பெண்மணி அதன் முன்னணியில் நின்றார். அவர்கள் தனித்தனியே பொலிஸ் நிலையத்துக்குப் போகவில்லை. கூட்டமாக வீதியில் இறங்கினர். கடத்தற் பிரபு ஒருவனின் மாளிகையான பாசோ பையோனின் இரும்புக் கதவைப் பிடித்து உலுக்கினர். 1990 ஜூனில் நீதிபதி பல்தசார் கார்சோனின் தலைமையில் ‘நேக்கொரா’ நடவடிக்கை நிகழ்ந்தபோது, அத்தாய்மாரின் குரல் அதற்குப் பக்கபலமாயிற்று. பின்னாளில் அரசு அம்மாளிகையைக் கைப்பற்றியது. 2008இல் அது திராட்சைமது உற்பத்தியாளரிடம் விற்கப்பட்டபோது, போதையிலிருந்து மீண்டவர்களுக்கு அங்கு வேலை தர வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்க்கப்பட்டது. ஒருத்தி பேசினால் அவள் வீடு எரியும். ஊரிலுள்ள தாய்மாரெல்லாம் பேசினால் எந்த வீட்டை எரிப்பது என்று குழுவுக்குத் தெரியாது. அந்த உபாயத்தை வீகோவின் தாய்மார் கண்டுகொண்டனர்.

நம் ஊர்களில் அத்தகைய கூட்டு அமைப்பு இல்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாக சபை, கோயில் பரிபாலன சபை, விகாரையின் தாயக சபை ஆகியவை ஒருபுறமிருக்க, மலைநாட்டின் பெரும்பாலான ஊர்களில் மரண உதவிச் சங்கம் உண்டு. சாவு வீட்டுக்குக் கதிரையும் கூடாரமும் தேநீரும் தருகின்ற அச்சங்கத்தில் செல்வன், வறியவன் என்ற பேதமில்லாமல் ஊரின் வீடுகள் சேர்ந்திருக்கின்றன. சந்தாப் புத்தகத்தைப் பார்த்தால் ஊரின் ஜாபிதாவே கிடைத்துவிடும். முறைப்பாடு அச்சங்கத்தின் பெயரில், எல்லாக் குடும்பங்களின் சார்பாகவும், பிரதேச செயலாளருக்கும் பொலிஸ் அத்தியட்சகருக்கும் ஒரே நேரத்தில் எழுத்தில் போகுமானால், “யாரு சொல்லிக் குடுத்தது?” என்ற கேள்விக்கு “ஊர்” என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். இதில் ஓர் அபாயமும் உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. ஊர்க் கூட்டம் என்பது சில வேளைகளில் பலவீனமானவனை அடிக்கும் கூட்டமாகவும் மாறிவிடும். போதைக்கு அடிமையான பையனைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிப்பதற்கு ஊர் ஒன்றுகூடுமானால் அதைவிடக் கூடாதிருப்பதே நல்லது. சங்கத்தின் வேலை குடும்பத்துக்குப் பக்கத்தில் நிற்பது, முறைப்பாட்டைச் சுமப்பது, வழக்கு நாட்களில் தாயோடு நீதிமன்றம் வரை செல்வது. அந்த எல்லையோடு அது நின்றுவிட வேண்டும்.

இவையெல்லாம் கைகூடினாலும், மகனுக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் கடன் மீண்டும் வாசலுக்கு வரும். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைப்பொருளில் தங்கியிருப்போருக்குச் சிகிச்சையும் புனர்வாழ்வும் அளிக்க வகைசெய்கிறது. கட்டுப்பாட்டுச் சபை தலங்கம, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களோடு கண்டியிலும் சிகிச்சை நிலையம் நடத்துகிறது. ஆனால் தாய்மாரின் மனத்தில் ‘புனர்வாழ்வு’ என்ற சொல் கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்தின் நினைவையே எழுப்புகிறது. 2022 ஜூன் மாதக் கடைசியில், அங்கிருந்த ஒருவரின் மரணத்தையடுத்துக் கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடிய செய்தியை அவர்கள் மறக்கவில்லை. வைத்தியசாலை என்று நம்பி அனுப்பும் இடம் சிறைச்சாலையாக இராது என்ற உறுதியை அவர்களுக்குக் கொடுப்பது அரசின் கடமை. குற்றத்தால் ஈட்டிய சொத்துகளைக் கைப்பற்றுவதற்கு 2025இல் தனிச் சட்டமே நிறைவேறியிருக்கிறது. அவ்வாறு கைப்பற்றப்படும் மாளிகைகளின் பணத்தில் ஒரு பகுதி, அம்மாளிகைகளுக்குக் காசு கொடுத்துச் சீரழிந்த ஒழுங்கைகளின் பிள்ளைகளுக்குச் சிகிச்சையாகத் திரும்ப வேண்டும் என்று கேட்பது அளவுக்கு மிஞ்சிய வேண்டுகோளாகாது.

ஆட்சியாளரிடம் என் வேண்டுகோள் இதுவே: மாதந்தோறும் கைதுகளின் எண்ணிக்கையை வெளியிடும் அதே அறிக்கையில், அச்சுறுத்தப்பட்ட சாட்சிகள் எத்தனை பேர் பாதுகாப்புக் கேட்டனர், எத்தனை பேர் தம் சொந்த வீட்டிலேயே பாதுகாப்பாக வாழ்கின்றனர் என்பதையும் மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். வாசகரிடம் கேட்பதும் ஒன்று உண்டு. உங்கள் ஒழுங்கையில் போதைக்கு அடிமையான பிள்ளையின் வீடு ஒன்று இருக்குமானால், அவ்வீட்டுத் தாயைக் கண்டு முகத்தைத் திருப்பாதீர்கள். கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனைத் தொலைபேசி இலக்கம் 1927 என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். கடன் கேட்டு ஒருவன் அவள் வாசலில் நிற்கும்போது நீங்களும் உங்கள் வாசலுக்கு வந்து நில்லுங்கள்.